பதினோராம் நம்பர் வாளி

மூன்றாம் நாளும் அந்த வாளி கனக்கவில்லை.

பூவாள் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியதுமே தோள்பட்டை சொல்லிவிடும். பதினெட்டு வருசம் செங்கல் சூளையில் பச்சைக்கல் சுமந்த தோள்; ஒரு கல் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும் முன்பே அதற்குத் தெரிந்துவிடும். ஆனாலும் திறந்தாள். புதன்கிழமை அவள் போட்டுவைத்த மரத்தூள் போட்டபடியே கிடந்தது. அதன்மேல் எறும்புகள் ஒரு கோடு இழுத்திருந்தன.

மூன்று நாள் வெளிக்குப் போகாத கிழவர்களை அவள் கண்டதில்லையா? கரடிப்பள்ளம் முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த ரகம்தான். ஆனால் மூன்று நாளாக ஒன்றுக்கும் போகாத மனுசன் உண்டா?

"அய்யா! உள்ள இருக்கீங்களா?"

விருந்தாளிகளின் கூடாரத்துக்குள் தலையை நீட்டக்கூடாது என்பது சட்டம். நீட்டினாள். படுக்கை சுருட்டி வைத்திருந்தது. அடுப்பு குளிர்ந்திருந்தது. கைத்தடியையும் செருப்பையும் காணோம். மூக்குக்கண்ணாடி மட்டும் தலையணைமேல் கிடந்தது. பக்கத்தில் கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி. நாற்பத்து மூன்று வயதில், சத்துணவுக்கூடத்தில் நடந்த முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவள் பூவாள். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தாள். புதன் வரைக்கும் காலி. வியாழன், வெள்ளி, சனி மூன்று குழியிலும் மாத்திரை அப்படியே இருந்தது.

அவளுக்கு வயிற்றில் ஒரு பிசை பிசைந்தது. ஆறு மாசமாகவே அந்தப் பிசைச்சல் உண்டு. சூட்டுவலி என்று வெந்தயத்தை முழுங்கிக்கொண்டிருந்தாள். இது அந்த வலி இல்லை.

அந்தியூரிலிருந்து மலையேறி, பஸ் திரும்புகிற கடைசி ஊரையும் தாண்டி, ஜீப்பில் ஒரு மணி நேரம் குலுங்கினால் கரடிப்பள்ளம் முகாம் வரும். காட்டுக்குள் பதினாலு கூடாரம். ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாது. பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்ட பெரியவர்கள் மாசக்கணக்கில் வந்து தங்குவார்கள். செல்போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை அரிசி, பருப்பு, காய் போய்ச் சேரும். அவரவரே பொங்கித் தின்ன வேண்டும். நம் சனங்கள் விதியே என்று பிழைத்த பிழைப்பு. அவர்களுக்கு அது வைத்தியமாம்.

பெற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் அந்தப் பெட்டி. ஆபீசுக்குப் பின்னால் கொட்டகையில் பீரோ அளவுக்கு நிற்கும். ஒவ்வொரு கூடாரத்துக் கக்கூஸிலும் ஒரு வாளி. பூவாள் விடிந்ததும் வாளிகளைத் தூக்கி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து நம்பர் போட்ட கப்பில் வைத்துப் பெட்டியில் சொருகுவாள். பெட்டி உறுமும். வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தாளில் அடித்துத் தரும். நல்லபடியாக இருந்தால் மெல்போர்னிலோ நியூஜெர்சியிலோ பிள்ளையின் போனில் ஒரு பச்சை இலை துளிர்க்கும்: 'அப்பா நலம்.' கோளாறு என்றால் சிவப்பு. அந்தச் சிவப்பு பிள்ளைக்கும் அடிவாரத்து ஆஸ்பத்திரி வேனுக்கும் நேராகப் போய்விடும்.

ஆபீஸ் ஆட்களுக்குச் சமைக்கிற சென்னியப்பன் அதற்கு ஜோசியப்பெட்டி என்று பேர் வைத்திருந்தான். "கைரேகை பாத்து சொல்ற காலம் போயி பீ பாத்து சொல்ற காலம் வந்துருச்சுக்கா," என்பான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மேனேஜர் தர்ஷனும் அதையேதான் சொன்னான். "ஒவ்வொருத்தர் வயிறும் கைநாட்டு மாதிரி. ஒருத்தர் மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. பெட்டிக்கு ஆள் தெரியும். அதனால கப்பை மாத்தி வச்சிடாதீங்க." மற்றதெல்லாம் மறந்தாலும் பூவாளுக்கு இது மறக்கவில்லை. முக்கால் ஆயுசு கைநாட்டு வைத்தவள் அல்லவா.

அவளோடு பேசிய ஒரே விருந்தாளி பதினோராம் நம்பர் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எழுபத்து மூன்று வயது. மற்றவர்கள் அவள் வரும் தடத்தில் எதிர்ப்பட்டால் காட்டுப்பூ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர் முதல் நாளே வாளியைத் தானே தடம் வரைக்கும் தூக்கி வந்து வைத்துவிட்டு, "ஏம்மா, உம் பேரென்ன?" என்று கேட்டார்.

"எனக்கு முப்பத்தோரு வருசம் கலங்கரை விளக்கத்துலதான் வேலை," என்று ஒருநாள் சொன்னார். "பெறவு விளக்கு தானா எரியுற மாதிரி ஆக்கிட்டானுவ. கடல்ல போறவன் என்ன நெனப்பான்? விளக்கு எரியுது, உள்ள ஆள் இருக்குன்னுதான நெனப்பான்? உள்ள பூட்டு தொங்கும்மா."

அன்று அதைக் கேட்டுச் சும்மா சிரித்து வைத்தாள்.

கப்புகளைப் பெட்டியில் சொருகிவிட்டு ஆபீஸ் படிக்குப் பக்கத்தில் போகும்போதே எலுமிச்சைப்புல் தைலத்தின் வாசம் அடித்தது. மலம் அள்ளிப் பழகிய மூக்குக்கு அந்த வாசம்தான் ஆகாது.

"சார், பதினொண்ணுல ஆளக் காணோமுங்க."

"பூவாள், படி ஏறாதீங்க. அங்கேயே நின்னு சொல்லுங்க."

"மூணு நாளா வாளி காலிங்க. மாத்திரையும் முழுங்கல. கண்ணாடிய வெச்சுட்டுப் போயிருக்கறாரு."

தர்ஷன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "பாருங்க. பதினொண்ணு, பச்சை. இன்னைக்குக் காலைல ஆறு நாப்பதுக்கு. ஜீரணம் நன்று, நீர்ச்சத்து போதுமானது."

"கப்புல நான் ஒண்ணுமே வெக்கலீங்களே! காலிக் கப்பத்தான சொருகுனேன்?"

"தெரியும். உங்க வீட்ல கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவர், வீடு பூட்டியிருந்தா என்ன பண்ணுவார்?"

"டோர் லாக்குன்னு எழுதி, போன தடவ ஓடுனதையே போட்டுட்டுப் போவாருங்க."

"அதேதான். கப் காலின்னா பெட்டி பழைய சராசரியைப் போட்டுக்கும்."

"வூட்டுக்குள்ள ஆளு செத்துக் கெடந்தாலுங்களா சார்?"

தர்ஷனுக்கு முகம் சுண்டியது. "முன்னாடி காலின்னா சிவப்புதான் போயிட்டிருந்தது. ஒருத்தருக்கு ரெண்டு நாள் மலச்சிக்கல்னா அங்க மகன் அழுவான், ஹெலிகாப்டர் அனுப்புங்கறான். தலைமை ஆபீஸ்லதான் சராசரியைப் போடச் சொன்னாங்க."

"எத்தன நாளைக்குங்க அப்புடிப் போடும்?"

"அதுக்கு ஒண்ணும் அளவு வைக்கல."

போலீசில் சொல்லச் சொன்னாள். திங்கட்கிழமை புதிதாகப் பத்துப் பேர் வருகிறார்கள், இப்போது போலீஸ் ஜீப் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்றான். அவள் படிக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தாள். அவளை நகர்த்த வேறு வழி தெரியாமல் சகாயராஜின் மகளைத் திரையில் கூப்பிட்டான். பிரிசில்லா என்று பேர். ஏதோ கடைக்குள் தள்ளுவண்டியோடு நின்றாள்.

"அப்பா நடக்கப் போயிருப்பாங்க. எங்கயாவது போய் உக்காந்துக்குவாங்க, அவங்க சுபாவம் அது. பச்சைதானே வந்திருக்கு? பின்னாடி நிக்கிறது யாரு?"

"க்ளீனிங் ஸ்டாஃப் மேடம்."

"ஓ," என்றாள் பிரிசில்லா. திரை அணைந்தது.

அன்று பிற்பகல் முழுக்கப் பூவாள் பள்ளத்தில் இறங்கிக் கத்தினாள். "அய்யா" என்று கூப்பிட்டால் பாறை திருப்பி "அய்யா" என்றது. சாயங்காலம் கோடைமழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையும் போனாள். ஒற்றை ஆள் எவ்வளவு காட்டைத் தேடிவிட முடியும்? முள் கிழித்த காலோடு சமையல்கட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். சென்னியப்பன் டீயைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டான். நல்லவன்தான், அவ்வளவுதான் நல்லவன்.

"நீ தொண்டை கிழியக் கத்துனாலும் இவனுக எந்திரிக்க மாட்டானுகக்கா. பொட்டி கத்துனாத்தான் எந்திரிப்பானுக."

"பொட்டிதான் பச்சைங்குதே."

"பச்சைன்னு சொல்லத்தான அதுக்குச் சோறு போடறானுக."

சோறு என்ற சொல் அவளுக்குள் சுருக்கென்று தைத்தது. காலிக் கப்பைக் கொடுத்தால் பெட்டி பழைய கதையைப் பாடுகிறது. வேறொருவருடையதைக் கொடுத்தால்? அதற்குத்தான் ஆள் தெரியுமே. ஒருத்தர் கைநாட்டு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருத்தர் கைநாட்டு இருந்தால் எந்த ஆபீசிலும் விடமாட்டார்கள். இதுவும் கத்தும்.

முகாமில் பதினாலு கக்கூஸ் உண்டு. வேலையாட்களுக்கு ஒன்றும் கிடையாது. பூவாளுக்குப் பாறை மறைவுதான். திங்கட்கிழமை விடிந்ததும் அவள் பதினோராம் நம்பர் கூடாரத்துக் கக்கூஸுக்குள் போய், வழவழப்பான அந்தப் பலகைமேல் முதல் தடவையாக உட்கார்ந்தாள். திருடுகிறவளைப்போல வேர்த்தது. வலியோடுதான் போனது. "அய்யா, கோவிச்சுக்காதீங்க," என்று சுருட்டி வைத்த படுக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினாள்.

கப்பைச் சொருகினாள். பெட்டி எப்போதையும்விட அதிக நேரம் உறுமியது. பிறகு நாக்கை நீட்டுவதுபோலத் தாளை நீட்டியது. தலைப்பில் சிவப்புக் கோடு. ஆபீசுக்குள் மணி அலறியது.

பூவாளுக்கு உள்ளே ஒரு சிரிப்பு. 'கண்டுபிடிச்சுட்டியா? கெட்டிக்காரி.'

தர்ஷன் வெறுங்காலோடு ஓடிவந்து தாளைப் பிடுங்கிக்கொண்டான். ஒன்றரை மணி நேரத்தில் வேன் வந்துவிட்டது: டாக்டர், ஸ்ட்ரெச்சர், இரண்டு ஆட்கள். தர்ஷன் கையிலிருந்த திரைக்குள் பிரிசில்லா "அப்பா, அப்பா" என்று அழுதாள். இரண்டு நாள் முன்னால் ஆள் இல்லை என்றபோது வராத கண்ணீர், வயிறு சரியில்லை என்றதும் வந்துவிட்டது.

பதினோராம் நம்பர் காலி.

"காலைல ஆறரைக்கு இங்க இருந்திருக்கார்," என்றார் டாக்டர். "இந்த நிலைமையில தூரம் போயிருக்க முடியாது. சுத்தி நூறு அடி பாருங்க."

ஆட்கள் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். புதரை விலக்கிப் பார்த்தார்கள். பூவாளுக்கு அப்போதுதான் தன் கெட்டிக்காரத்தனத்தின் மறுபக்கம் தெரிந்தது. புதன்கிழமை போன மனுசனை இன்று காலையில் போனவராகத் தேடுகிறார்கள். இப்படித் தேடினால் பத்து வருசம் ஆனாலும் கிடைக்கமாட்டார்.

"சார்," என்றாள். "அது அவரோடது இல்லீங்க."

"எது?"

"வாளியில இருந்தது. என்னோடதுங்க. வேணும்னுதான் வெச்சேன். அய்யா போயி அஞ்சு நாளாச்சு. தூரமாப் போயித் தேடுங்க சார்."

ஸ்ட்ரெச்சர் பிடித்திருந்தவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சீ!" என்றது திரை. "அப்பா பாத்ரூம்லயா? அப்பா வாளியிலயா? கருமம்! அந்தப் பொம்பளைய மொதல்ல வெளிய அனுப்புங்க. அந்தக் கூடாரத்தையே கழுவுங்க!"

பூவாள் திரையைப் பார்த்தாள். சீ என்ற அந்தச் சொல் தன் வாயில் மூன்று நாளாக இருந்தது என்று நினைத்துக்கொண்டாள். யார் சொல்ல வேண்டியதை யார் சொல்கிறார்கள்.

டாக்டர் கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு பூவாளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் தர்ஷன், "கலப்பட சாம்பிள் டாக்டர், கேன்சல் பண்ணிடலாம். கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா வேன் கிளம்பலாம்," என்றான். டாக்டர் கையெழுத்துப் போட்டார். தாளைத் தர்ஷன் கசக்கி ஆபீஸ் குப்பைக்கூடையில் எறிந்தான்.

பூவாளை அப்போதே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் புதிதாக வந்த பத்துப் பேரின் வாளிகளும் நிரம்பிவிட்டன. அள்ள ஆள் இல்லை. சென்னியப்பன் அவள் குடிசைக்கு வந்து தலையைச் சொறிந்தான். "வரச் சொன்னாருக்கா. மூக்கு இருக்கறவனுக எல்லாம் தவிக்கறானுக." போனாள். தேடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்றுதான் போனாள்.

ஆமாம், இப்போது தேடினார்கள், மகள் பார்த்துக்கொண்டிருந்தாளே. வனக்காவலர்கள் வந்தார்கள், நாய் வந்தது. மழையில் தடம் கரைந்துபோயிருந்தது. நாய் கூடாரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் பூவாளின் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. புதன்கிழமை ஓடை திரும்புகிற இடத்தில், வழுக்குப்பாறைமேல் செருப்பு கிடைத்தது. கோயிலுக்குப் போகிறவன் விட்டதுபோல ஜோடியாக இருந்தது. பக்கத்தில் கைத்தடி. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. ஒரு நூல் துணி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கரடி என்றார் ஒருவர். கால் தவறியது என்றார் ஒருவர். தானாகவே போயிருப்பார் என்றார் இன்னொருவர். அஞ்சு நாள் முன்னால் வந்திருந்தால் சொல்லியிருக்கலாம் என்று வயசான காவலர் ஒருவர் முணுமுணுத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

அன்றைக்கே பெட்டியைக் கழுவிச் சரிபார்க்க ஈரோட்டிலிருந்து மெக்கானிக் ஒருவன் வந்தான். பூவாள் கொட்டகை வாசலில் நின்று கேட்டாள்.

"ஆளு மாறுனத கரெக்டாக் கண்டுபுடிச்சுருச்சுங்களே தம்பி. கைநாட்டு மாதிரிதான் போல."

அவன் சிரித்துவிட்டான். "ஆளா? இதுக்கு ஆளெல்லாம் தெரியாதும்மா. வாளி நம்பர் மட்டுந்தான் தெரியும். கைநாட்டுங்கறது விளம்பரத்துக்குச் சொல்றது."

"அப்பறம் ஏனுங்க சிவப்பு அடிச்சுது?"

"அந்த சாம்பிள்ல என்ன கோளாறு இருந்துச்சோ அதுக்கு அடிச்சிருக்கும்." சொல்லி முடித்தபிறகுதான் அது யாருடைய சாம்பிள் என்று அவனுக்கு உறைத்தது. ஸ்பேனரைப் பைக்குள் போட்டான். "பெருசா ஒண்ணும் இருக்காதும்மா," என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

ஆபீஸ் குப்பையை எடுத்துப் போய் எரிப்பதும் பூவாள் வேலைதான். திங்கட்கிழமைக் குப்பை இன்னும் சாக்கில் இருந்தது. கொட்டிக் கிளறினாள். கசங்கிய தாளைத் தொடைமேல் வைத்து நீவி, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். கூடாரம் 11. சகாயராஜ். வயது 73. பெ-ருங்-கு-ட-லில் ரத்-தக்-க-சி-வு. கட்டி இருக்க வாய்ப்பு மிக அதிகம். உடனடியாக மருத்துவரைப் பார்க்கவும்.

இரண்டு தடவை படித்தாள். எழுத்து தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த ஒரு நிமிசம் நினைத்தாள்.

மறுநாள் காலையில் வாளிகளோடு கொட்டகைக்கு வந்தபோது பதினோராம் நம்பர் கப்பும் கழுவித் துடைத்து வரிசையில் இருந்தது. ஆபீசுக்குப் போனாள். இந்தத் தடவை படி ஏறினாள்.

"ஆளே இல்லியே, இது எதுக்குங்க சார்?"

"காலியாவே சொருகிடுங்க. மகள் கேட்டுக்கிட்டாங்க." தர்ஷன் அவளைப் பார்க்காமல் பேசினான். "உறுதியாத் தெரியுற வரைக்கும் காலைல அந்தப் பச்சை வந்துக்கிட்டே இருக்கட்டுமாம். அதைப் பாத்தாத்தான் அவங்களுக்கு வேலை ஓடுதாம். நமக்கென்ன?"

மேசைமேல் எலுமிச்சைப்புல் தைலம் புகைந்துகொண்டிருந்தது. எத்தனை வாளி சுமந்தும் ஒருநாளும் புரளாத பூவாளின் குடல் அப்போது புரண்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, படிக்குப் பக்கத்துப் பூச்செடியில் வாந்தி எடுத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, காலிக் கப்பைத் தர்ஷனின் மேசைமேல் வைத்தாள்.

"நீங்களே சொருகிக்குங்க சார். இந்த அசிங்கத்த என்னால அள்ள முடியாது."

பஸ் ஏறி அடிவாரத்துக்கு வந்து, அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, சீட்டுப் பதிகிற ஜன்னலுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே இருந்த பெண் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சகாயராஜ், எழுபத்து மூணு. ஏம்மா, பேசண்ட்டு வரலியா?"

"பேருதானுங்க அவரோடது. ரிப்போர்ட்டு எம்படதுங்க."

"அப்ப அந்தப் பேரை அடிச்சிட்டு உங்க பேரை எழுதித் தாங்க. எழுதத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

பேனாவை வாங்கினாள். சகாயராஜ் என்ற பேருக்கு மேலே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். அந்த மனுசனுக்கு உடம்பு சரியில்லை, உடனே யாராவது பார்க்கவும் என்று உலகத்தில் எழுதியிருக்கிற காகிதம் இது ஒன்றுதான். மற்ற இடத்திலெல்லாம் அவர் பச்சை.

பேனாவைக் கீழே இறக்கி, அவர் பேரை அடிக்காமல், அதற்கு அடியில் எழுத்து எழுத்தாகப் பூவாள் என்று எழுதினாள். எப்போதும் மறந்துபோகிற புள்ளியையும் மறக்காமல் வைத்தாள்.

ஜன்னல் பெண் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா இது, ரெண்டு பேர் இருக்கே?"

"ரெண்டு பேருந்தானுங்க," என்றாள் பூவாள். "ஒருத்தி வந்துருக்கறேன். இன்னொருத்தரக் காணோமுன்னு எழுதிக்குங்க."